இளமையிற் கண்ட படங்களை மீண்டுங் காணுதல்

நல்ல நூலொன்றைப் பலகாற் படித்தல் கற்றோர்க்கு இயல்பு. பண்புடையாரது நட்பைப் படிக்குந்தோறும் இன்பந் தரும் நூலுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். ஆதலின் ஒரு நூலை இரண்டாம் முறை கையிலெடுப்பவனை வீண்பொழுது போக்குவோன் என்று யாரும் இகழார். ஆனால், பதினைந்து பிராயத்திற் கண்ட திரைப்படமொன்றை ஐம்பதாம் பிராயத்தில் உட்கார்ந்து மீண்டுங் காண்பவனைக் கண்டால் வீட்டார் நகைப்பர். அவனுங் கூடச் சேர்ந்து நகைப்பான். அங்ஙனம் நகைத்து விட்டுவிடத் தக்கதன்று இவ்விஷயம் என்பதும், முறையறிந்து செய்யின் அஃது ஒருவன் தன்னைத் தானே அளந்தறிதற்கு உதவும் ஒரு கல்வியாகும் என்பதும் இக்கட்டுரையின் கருத்தாம். நம் கல்லூரியிற் பயிலும் வாலிபர்கள் இன்று விரும்பிக் காணும் படங்களே இன்னும் முப்பதாண்டு கழித்து அவர்க்கும் இக்கேள்வியை எழுப்புமாதலின், இதனை அவர்கள் முன்னரே சிந்தித்து வைத்தல் நலம்.

யான் புதுக்கோட்டை மாவட்டத்து அன்னவாசலை அடுத்த சிற்றூரொன்றில் 1975ஆம் ஆண்டிற் பிறந்தவன். எங்கள் பக்கத்தில் அக்காலத்தே எளியோர் படம் பார்த்த இடம் கீற்றுக் கொட்டகை. டூரிங் டாக்கீஸ் என்பது அதன் பெயர். நடுவே மரக்கால்கள், மேலே தென்னங்கீற்று, கீழே மணல். ஒருபுறம் ஆடவரும் மறுபுறம் பெண்டிரும் தரையில் இருப்பர். பின்னே சில பெஞ்சுகளும், அவற்றின் பின்னே நாற்காலிகளும் கிடக்கும். மாலையில் ஒலிபெருக்கியிற் பக்திப் பாட்டு எழுந்தவுடன் வீட்டில் உலை இறங்கும். பாட்டு முடியுமுன் கொட்டகை வாயிலை அடைந்துவிட வேண்டும் என்பது எங்கள் நியமம். இவ்வாறு கூடாரமடித்துப் படங்காட்டும் முறைக்குத் தென்னாட்டில் வழிகாட்டியவர், எங்கட்கு அண்மையிலுள்ள திருச்சிராப்பள்ளியில் ரயில்வே வரைவாளராய்ப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவரே. அவர் 1905ஆம் ஆண்டில் டூபாண்ட் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கி, அவற்றை ஊரூராகக் கொண்டு சென்று காட்டினார். அவர் தொடங்கிய வழக்கத்தின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த சிறுவர் நாங்கள்.

இங்கே மாணாக்கர் கவனிக்க வேண்டிய செய்தியொன்று உளது. கீற்றுக் கொட்டகையில் நாங்கள் கண்ட படமும், பட்டணத்தார் முதல் வாரத்திற் கண்ட படமும் முற்றும் ஒன்றல்ல. 35 மில்லிமீட்டர் அகலமுள்ள படச்சுருள் வினாடிக்கு 24 படங்கள் வீதம் ஓடும். 1000 அடிச் சுருளொன்று ஏறக்குறைய 11 நிமிடத்தில் முடிந்துவிடும். பெரிய கொட்டகைகளில் இரண்டு கருவிகள் இருந்தமையால் ஒன்று முடியுமுன் மற்றொன்று தொடரும். ஒரே கருவியுள்ள சிறு கொட்டகையிலோ, சுருள் மாற்றுந்தோறும் விளக்கைப் போட்டுவிடுவர். அவ்விடைவேளையில் முறுக்கும் சோடாவும் விற்கும். அன்றியும், பட்டணங்களில் மாதக்கணக்காக ஓடித் தேய்ந்த சுருள்களே எங்களூர்க்கு வந்து சேரும். அறுந்த இடங்களை வெட்டி ஒட்டியொட்டிச் சில காட்சிகள் பாதியாயும், சில காட்சிகள் இல்லாமலுமே போயிருக்கும். ஆகவே, பிற்காலத்தில் அப்படங்களின் முழுப் பிரதியைக் கண்டபோது, "இதை யான் பார்த்ததேயில்லையே" என்று வியந்த இடங்கள் பல. மீண்டுங் காணுதல் என்று நாம் சொல்வதிற் சில பகுதி மெய்யாகவே முதன்முறை காணுதலாம்.

சுருள் அறுந்தது போலவே நினைவும் அறுந்து ஒட்டப்படுவதொன்று. கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் உளநூல் ஆராய்ந்த பிரெடெரிக் பார்ட்லெட் என்பவர், வட அமெரிக்கப் பழங்குடியினர் கதையொன்றைச் சிலர்க்குப் படிக்கக் கொடுத்து, நாட்கள் பல கழித்தும் மாதங்கள் பல கழித்தும் அதனைத் திரும்பச் சொல்லச் செய்தார். படித்தவர்கள் தமக்கு விளங்காதவற்றை விட்டனர். அயலானவற்றைத் தம் நாட்டு வழக்குக்கு மாற்றினர். இல்லாத தொடர்புகளைக் கற்பித்துக்கொண்டனர். ஆயினும், தாம் உள்ளபடியே சொல்லுவதாகவே அவர்கள் நம்பினர். 1932இல் வெளியான தமது நூலில் அவர் இதனை விளக்கி, நினைவு என்பது பெட்டியில் வைத்த பொருளை எடுத்தல் போன்றதன்று, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுதல் போன்றது என்று நிறுவினார். அவர்க்குப் பின் வந்த அறிஞர்கள், நடுத்தர வயது கடந்தோர் தம் வாழ்வை நினைக்குங்கால் ஏறக்குறையப் பத்து முதல் முப்பது பிராயம் வரை நிகழ்ந்தவையே மிகுதியாக நினைவுக்கு வருகின்றன என்றும் கண்டனர். இவ்விரண்டையும் சேர்த்து நோக்கின், நாம் மிகத் தெளிவாக நினைப்பதாக எண்ணும் பருவமே நாம் மிகுதியாகத் திருத்தி எழுதிக்கொண்ட பருவமாகவும் இருத்தல் கூடும் என்பது புலனாகும்.

இரண்டாம் பார்வையின் பயனுக்கு அன்னவாசற் பக்கத்தார் வெகுதூரம் உதாரணந் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. எங்கட்கு அருகேயுள்ள சித்தன்னவாசற் குன்றில் அறிவர் கோயில் என்னும் சமணக் குகைக்கோயில் உளது. அதன் விதானத்தில் தாமரைத் தடாகமும், மீனும், அன்னமும், யானையும், எருமையும், மலர் கொய்யும் மாந்தரும் எழுதப்பட்டுள்ளமை யாவரும் அறிவர். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வோவியங்கள் அறிஞர் கண்ணிற் பட்டபோது, அவை ஏழாம் நூற்றாண்டினனாகிய மகேந்திரவர்ம பல்லவன் காலத்தன என்று துணிந்தனர். பின்னர் ஆங்குள்ள கல்வெட்டை ஆராய்ந்து, ஒன்பதாம் நூற்றாண்டில் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் என்னும் பாண்டியன் காலத்தே மதுரை ஆசிரியர் இளங்கௌதமர் அக்கோயிலைப் புதுப்பித்து முகமண்டபம் எடுத்த செய்தியைக் கண்டனர். ஓவியங்களின் காலமும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. சுவரில் இருந்தது அதுவே. பார்த்தோர் அறிவு வளர்ந்தமையால் அதன் வரலாறு தெளிந்தது. அதனால் முதலிற் கண்டு சொன்னவர்க்கு இழுக்கும் இல்லை. பள்ளிச் சிறுவனாக யான் அக்குகைக்குச் சென்றபோது மீனையும் யானையையும் எண்ணிவிட்டு வந்தேன். ஆசிரியனாக மாணவரை அழைத்துச் சென்றபோதே மலர் கொய்பவர் முகத்தை நோக்கினேன். இனிப் படங்களுக்கு வருவோம். மூன்று படங்கள் எனக்கு மூவகைப் பாடம் கற்பித்தன.

முதலாவது, 1986இல் வெளியான 'மௌன ராகம்'. மணிரத்னம் இயக்கிய இப்படத்தை யான் 1988இல் எங்கள் கொட்டகையிற் கண்டேன். அப்பொழுது எனக்குப் பதின்மூன்று பிராயம். அதன் பின்னர் முப்பதாண்டு காலம், அப்படம் என்றால் கார்த்திக் நடித்த மனோகர் என்னும் துடுக்கான வாலிபனே என் நினைவில் நின்றான். படத்தில் ஏறக்குறையப் பாதி அவனுடையதே என்றும் எண்ணியிருந்தேன். அண்மையில் அதனை முழுமையாகப் பார்த்தபோது திடுக்கிட்டேன். அவன் வருவது நாயகி தன் பழைய காதலை நினைந்து கூறும் ஒரு சிறு பகுதியில் மாத்திரமே. கதையின் பெரும்பகுதி வேறு. திவ்யா என்னும் பெண்ணுக்கு மணத்தில் விருப்பமில்லை, தந்தைக்கு மார்புநோய் கண்டதனால் இசைகின்றாள், தில்லிக்குச் செல்கின்றாள், என்ன பரிசு வேண்டுமென்று கணவன் கேட்க, விவாகரத்து வேண்டும் என்கின்றாள், மணமாகி ஓராண்டு கழியாமல் வழக்குத் தொடுத்தல் கூடாதென்று வழக்கறிஞர் சொல்ல, இருவரும் ஒரே வீட்டில் அயலார் போல் வாழ்கின்றனர். ரேவதியும் மோகனும் நடித்த அப்பகுதியையே கொட்டகையில் நாங்கள் "சலிப்பு" என்று கூறி, முறுக்கு வாங்க எழுந்து சென்றோம்.

அப்படத்தை என்னுடன் காண வந்தவர்களில் என் தமக்கையும் ஒருத்தி. அவள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஆசிரியைப் பயிற்சிக்குச் செல்ல விரும்பியிருந்தாள். எங்கள் தந்தையார் உடல்நலங் குன்றியிருந்தமையால், வந்த வரனை விடலாகாது என்று பெரியோர் முடிவு செய்து நாள் குறித்துவிட்டனர். படம் முடிந்து வெளியே வந்தபோது அவள் கண் சிவந்திருந்தது. மனோகர் இறந்ததற்காக அழுதாள் என்று யான் எண்ணினேன். வழியெல்லாம் அவனைப் போல் நடித்துக்காட்டி அவளைச் சிரிக்கவைக்கவும் முயன்றேன். முப்பதாண்டு கழித்துப் படத்தைத் தனியே பார்த்த அன்றிரவுதான், அவள் எவ்விடத்தில் அழுதிருப்பாள் என்னும் ஐயம் எனக்குத் தோன்றிற்று. அடுத்த வாரம் அவளூர்க்குச் சென்றபோது கேட்டேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்து, "படத்திலே அவளுக்கு ஓராண்டு தவணை கிடைத்தது, தம்பி. வேண்டாமென்று வாய்திறந்து சொல்ல ஒரு வீடும், அதைக் கேட்க ஒரு மனிதனும் கிடைத்தான். அதைப் பார்த்துத்தான் அழுதேன். என் வாழ்வு ஒன்றும் கெட்டுப்போகவில்லை. உன் அத்தான் நல்லவர். ஆனால் அன்று என்னை ஒருவரும் கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை" என்றாள். அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. உள்ளதைச் சொன்னாள். கயிறு கட்டிப் பிரித்த ஒரு கொட்டகையில் கயிற்றுக்கு இப்புறம் யான் கண்ட படமும், அப்புறம் அவள் கண்ட படமும் வெவ்வேறாய் இருந்தன என்பதை அன்றே யான் அறிந்தேன். இது முதற்பாடம்: இளமையில் நாம் ஒருவர் கண்ணாலேயே படத்தைக் காண்கிறோம், மற்றையோர் கண்ணும் அங்கே இருந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

இரண்டாவது, 1992இல் வெளியான 'மன்னன்'. பி. வாசு இயக்க, ரஜினிகாந்தும் விஜயசாந்தியும் நடித்த அப்படத்தைப் பதினேழு பிராயத்திற் புதுக்கோட்டைக்குப் பேருந்திற் சென்று கண்டேன். ஒருமுறையன்று, நான்கு முறை. தொழிலாளியாகிய நாயகன், செருக்குடைய முதலாளியம்மையை மணந்து அவளது செருக்கை அடக்குகின்றான் என்பதே கதை. ஈற்றில் அவள் தொழிலகப் பொறுப்பை விடுத்து இல்லக்கிழத்தியாகி நிற்கின்றாள். அவள் அடங்குந்தோறும் கொட்டகை அதிர்ந்தது. அவ்வதிர்ச்சியில் என் குரலும் இருந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓய்வுநாளொன்றில் தொலைக்காட்சியில் அப்படம் வந்தது. என் மகள் அப்போது படிப்பு முடித்து வேலைக்குச் சென்று ஓராண்டு ஆகியிருந்தது. அவளை உடன் அமர்த்தி, "இதைப் பார், எங்கள் காலத்துப் படம்" என்று பெருமையுடன் காட்டினேன். வேலையைவிட்டு நழுவிப் படம் பார்க்கச் செல்லும் நகைச்சுவைக் காட்சிக்கு அவளும் வயிறு குலுங்கச் சிரித்தாள். படம் முடிந்தபின் அவள், "அப்பா, அந்தம்மாள் கெட்டவளாக இருந்தால் நல்லவளாக மாறட்டும், நல்லவளாக மாறினால் ஏன் வேலையை விடவேண்டும்?" என்று வினவினாள். யான் விடை கூறாது எழுந்துவிட்டேன். காரணம் உண்டு. அந்த வாரந்தான் அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசி வந்தவர்கள், மணத்துக்குப் பின் பெண் வேலைக்குப் போகலாகாது என்று சொல்லியிருந்தனர். நல்ல குடும்பம், வேறு குறையில்லை, ஆதலால் இசையலாம் என்று யான் உள்ளத்தில் ஏறக்குறைய முடிவு செய்திருந்தேன். அவளிடம் கேட்கவுமில்லை. தமக்கையின் சொல் அப்போது நினைவுக்கு வந்தது. அவ்விசைவு என் உள்ளத்தில் எங்கிருந்து வந்தது என்று அன்றிரவு ஆராய்ந்தேன். முழுதும் படத்திலிருந்து வந்ததென்று சொல்லேன். வீட்டிலும் ஊரிலும் அதுவே வழக்கம். ஆயினும் அவ்வழக்கத்துக்குக் கைதட்டக் கற்றுக்கொண்டது அந்த இருட்டிலேதான். மறுநாள் மகளைக் கேட்டேன், அவள் வேண்டாமென்றாள், வந்தவர்க்கு அவ்வாறே சொல்லியனுப்பினேன். இரண்டாம் பாடம் இதுவே: மகிழ்ச்சியோடு கலந்து உட்கொண்ட கருத்து, கருத்தென்றே தெரியாமல் உள்ளே தங்கிவிடும், மீண்டுங் காணும்போதே அதனை வெளியே எடுத்து நோக்க இயலும்.

இவ்வளவிற் கட்டுரை முடியின், பழைய படங்கள் யாவும் தீயன, முதிர்ந்தவன் கடமை அவற்றைக் குற்றங் காணுதலே என்று மாணாக்கர் கருதுவர். அது தவறு. மூன்றாம் படத்தைக் கேளுங்கள். 1978இல் வெளியான 'முள்ளும் மலரும்', கல்கி இதழின் வெள்ளிவிழாப் போட்டியிற் பரிசு பெற்ற உமாசந்திரன் நாவலைத் தழுவி மகேந்திரன் இயக்கியது. ரஜினிகாந்த் நடித்தது என்னும் ஒரே காரணத்தால் பள்ளிப் பருவத்தில் தொலைக்காட்சியில் ஆவலோடு பார்க்க அமர்ந்தேன். சண்டை குறைவு, பேச்சும் குறைவு, மலையும் மூடுபனியும் வந்து வந்து போயின. பாதியில் எழுந்துவிட்டேன். நாற்பது கடந்தபின் அதனை முழுதும் கண்டேன். காளி என்பவன் மின்நிலையத்தில் விஞ்ச் இயக்குபவன், முரடன், தங்கை வள்ளியைத் தவிர அவனுக்கு உலகில் ஒருவரும் இல்லை. விபத்தில் ஒரு கையை இழக்கின்றான். தான் வெறுக்கும் பொறியாளனைத் தங்கை விரும்புகின்றாள். ஈற்றில் அண்ணனை விட்டுப் பிரிய மாட்டாது அவள் அவனிடமே திரும்பி வர, அதனாலேயே நெஞ்சு நிறைந்து, அவளை அப்பொறியாளனுக்கே அவன் மணமுடித்துக் கொடுக்க இசைகின்றான். அப்போதும் அவனைத் தனக்குப் பிடிக்கவில்லை என்றே சொல்லுகின்றான். பிடிக்காத ஒன்றைத் தன் அன்புக்குரியவளின் விருப்பத்தின் பொருட்டு விட்டுக்கொடுக்கும் அவ்வீரம், சண்டைக் காட்சிகளை எண்ணிக்கொண்டிருந்த சிறுவனுக்கு எவ்வாறு விளங்கும்? பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவு அந்த மௌனத்தைத் தாங்கி நிற்கும் அழகும் அப்போதே என் கண்ணிற் பட்டது. மூன்றாம் பாடம்: இளமையில் நாம் சலித்து ஒதுக்கியவற்றுள் நமக்கென்று காத்திருப்பன உள.

இனி இதற்குக் கூறப்படும் தடைகளை ஆராய்வோம். "இளமையின்பத்தை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்? நினைவில் இருந்தபடியே இருக்கட்டுமே" என்பார் ஒருசாரார். இக்கூற்றில் உண்மை சிறிதுமில்லை என்று யான் சொல்லேன். என் பாட்டனார் புதுக்கோட்டைச் சமஸ்தான காலத்தவர். அவர் வாலிபராயிருந்தபோது அந்நகர் ஈன்ற பி. யு. சின்னப்பா தமிழ்நாடெங்கும் புகழ்பெற்று விளங்கினார். 'உத்தமபுத்திரன்' படத்தில் 1940இல் இரட்டை வேடம் பூண்டும், 1942இற் 'கண்ணகி'யிற் கோவலனாகவும், 1944இல் 'ஜகதலப்பிரதாபன்' படத்தின் ஒரே பாட்டிற் பாடகராகவும் பக்கவாத்தியக்காரராகவும் பல வடிவு கொண்டும் தோன்றிய அவர், 1951இல் 35 பிராயத்தில் இறந்தார். அக்காட்சியை முதுமையிற் பாட்டனார் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியிற் கண்டபோது, அவர் சின்னப்பாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அன்று தம்மோடு இருட்டில் நடந்துவந்த தோழர்களின் பெயர்களையே ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவ்வின்பத்தில் ஆராய்ச்சி புகுத்த யான் துணியவில்லை. எல்லாப் படங்களையும் ஆராய வேண்டுமென்பதும் இல்லை.

ஆயினும், இன்பம் வேறு, மயக்கம் வேறு. 2004இல் வெளியான 'கில்லி' என்னும் படம் இருபதாண்டு நிறைவில், 2024 ஏப்ரல் 20ஆம் நாள் மீண்டும் கொட்டகைகளுக்கு வந்தபோது, புதுப்படத்துக்குக் கூடுவது போல் மக்கள் கூடினர். முன்னர்ப் பள்ளிச் சிறுவராய்க் கண்டவர்கள் தம் பிள்ளைகளைத் தோளிற் சுமந்து வந்தனர். வசனங்களைத் திரைக்கு முன்னரே தாங்கள் கூறினர். பலரோடு கூடி மகிழ்தலிற் குற்றமில்லை. என்னுடைய மாணாக்கன் ஒருவன் அங்கிருந்து வந்து, "ஐயா, சிறுவயதில் வேலுவை மட்டும் பார்த்தேன், இம்முறை, விரும்பாத ஒருவன் துரத்தத் துரத்த ஓடும் தனலட்சுமியின் அச்சத்தைப் பார்த்தேன்" என்றான். அவன் மகிழ்ச்சி அதனாற் குறையவில்லை. அவன் பார்வை விரிந்தது. இரண்டும் ஒருங்கே கூடும் என்பதற்கு அவனே சான்று.

"அக்காலத்தார் எடுத்த படத்தை இக்கால நீதிகொண்டு அளத்தல் முறையோ?" என்பது மற்றொரு தடை. எடுத்தவர்களைக் கூண்டிலேற்றித் தண்டித்தல் நம் வேலையன்று என்பது மெய். ஆனால் யான் ஈண்டுக் கூறியது எடுத்தவர்களைப் பற்றியன்று. பார்த்த என்னைப் பற்றியது. 'மன்னன்' படத்தை எடுத்தவர்கள் தம் காலத்துக்கு விடையிறுக்கட்டும். யான் கைதட்டியதற்கு யானே விடையிறுக்க வேண்டும். மேலும், அக்காலத்திலேயே அவ்வாறு காணாதவர் ஒருவருமில்லை என்பதும் பொய். கயிற்றுக்கு அப்புறம் என் தமக்கை இருந்தாள்.

மீண்டுங் காணும் இப்பேறு எல்லாப் படங்கட்கும் வாய்ப்பதன்று என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். தமிழ் பேசிய முதற்படமாகிய 1931ஆம் ஆண்டுக் 'காளிதாஸ்' இன்று ஒரு பிரதியும் இல்லாமல் அழிந்தது. நடராஜ முதலியார் எடுத்த மௌனப்படமாகிய 'கீசக வதம்' என்பதும் அவ்வாறே. பழைய நைட்ரேட் சுருள்கள் எளிதில் தீப்பற்றுவன. காலத்தால் நைந்து தூளாவன. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் நிறுவப்பட்டது 1964இலேதான். அதற்குள் இழந்தவை அளவிறந்தன. அப்படங்களைப் பதினைந்து பிராயத்திற் கண்டு மகிழ்ந்தவர்கள் தம்மைத் தாம் மீண்டும் அளந்துகொள்ள வழியின்றியே சென்றனர். இன்று கையளவு கருவியில் விரும்பிய படத்தை விரும்பிய பொழுதிற் காணும் நாம், அவ்வசதியைப் பொழுதுபோக்குக்கு மட்டும் செலவிடுதல் தகாது.

இக்கூறியவற்றைத் தொகுத்து, செய்து பார்க்கத்தக்க முறையொன்றை மாணாக்கர்க்குச் சொல்லுவேன். பழைய படமொன்றை மீண்டுங் காணுமுன், அதைப் பற்றி உமக்கு நினைவுள்ளனவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்க. கண்டபின் அத்தாளோடு படத்தை ஒப்பிடுக. எது மிகைபட்டது, எது விடுபட்டது, எது நீரே சேர்த்தது என்பன தோன்றும். பின்னர் மூன்று கேள்விகளை உம்மையே கேட்டுக்கொள்க. முதலாவது, அன்று யான் யார் கண்ணாற் கண்டேன், என் அருகிருந்து வேறு கண்ணாற் கண்டவர் யார்? இரண்டாவது, மகிழ்ச்சியோடு யான் விழுங்கிய கருத்து யாது, அஃது இன்றும் என்னுள் இருந்து என்னை நடத்துகின்றதா? மூன்றாவது, அன்று யான் சலித்து விட்டதில் இன்று எனக்கு வேண்டுவது யாது? இவற்றுள் முதற்கேள்விக்கு விடை பெரும்பாலும் படத்தில் இராது. அருகிருந்தவரிடமே கேட்டறிதல் வேண்டும். அவர் இருக்கும்போதே கேட்டல் நன்று.

இளைஞராகிய நீவிர் முப்பதாண்டு காத்திருக்க வேண்டுவதும் இல்லை. இன்று மாலை நண்பரோடு படத்துக்குச் செல்வீராயின், முடிந்து வெளியே வரும்பொழுது, எது நன்றாயிருந்தது என்று மட்டும் கேளாமல், "உனக்கு எவ்விடத்தில் நெஞ்சு கனத்தது?" என்று ஒருவரையேனும் கேளுங்கள், வீட்டில் உடன் அமர்ந்து பார்க்கும் தாயையும் தமக்கையையும் தங்கையையும் கேளுங்கள். எங்கள் கீற்றுக் கொட்டகை இருந்த இடம் இப்போது வெறுந்தரையாய்க் கிடக்கின்றது. அவ்வழியே செல்லுந்தோறும், படம் முடிந்து பெண்கள் பக்கத்திலிருந்து கண்சிவந்து வந்த ஒருத்தியையும், அவளுக்கு முன்னே ஆடிப்பாடிச் சென்ற ஒரு சிறுவனையும் நினைக்கின்றேன். அக்கேள்வியைக் கேட்க எனக்கு முப்பதாண்டு ஆயிற்று. உங்கட்கு ஒருநாளும் ஆக வேண்டாம்.